கிராமப் படமும் கிராம சுகாதாரமும்

(புதுக்கோட்டை ஜில்லாக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஒரு கிராமத்தில் நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, எந்த சர்வே நம்பர் யார் பேரில் இருக்கிறது, எந்த அங்கத்தினர் எவ்வளவு கடன் பெற்றார், எத்தனை தவணை செலுத்தினார் என்று கேட்டால், சங்கத்துக் காரியதரிசி கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டி உடனே விடை சொல்லிவிடுவார். ஆனால், சென்ற ஐப்பசி மழையில் எத்தனை குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது, அக்குழந்தைகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கு எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்டால், அதற்கு விடை சொல்லும் புஸ்தகம் அநேகமாக எந்தக் கிராமத்திலும் இல்லை. நிலத்துக்குக் கணக்கு உண்டு. பணத்துக்குக் கணக்கு உண்டு. நோய்க்கு மட்டும் கணக்கு இல்லை.

இக்குறை கூட்டுறவுச் சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று எவரும் எண்ணவேண்டாம். பயிர்ச் செலவுக்கென்று வாங்கிய கடன் வைத்தியச் செலவில் கரைந்துபோவதை அறியாத சங்கம் இல்லை. நடவுக் காலத்தில் குடும்பத் தலைவர் 10 நாள் காய்ச்சலில் படுத்தால், அவ்வருஷத்துத் தவணை தவறுகிறது. ஆகவே வியாதியைத் தடுப்பது தர்ம காரியம் மாத்திரமன்று. சங்கத்தின் ஐசுவரியத்தைக் காப்பாற்றும் காரியமுமாகும். அதற்குச் செலவு குறைந்ததும், கிராமத்தார் தாங்களே செய்துகொள்ளக் கூடியதுமான ஒரு சாதனம் உண்டு. அதுவே கிராம சுகாதாரப் படம்.

நோய்க்கும் இடம் உண்டு

காலரா, வயிற்றுப்போக்கு, டெங்கு, யானைக்கால் முதலிய நோய்கள் விதியால் வருபவை அல்ல. காற்றில் தாமாகப் பறந்து வருபவையும் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழியும் ஓர் இடமும் உண்டு. இந்த உண்மையைப் படத்தின் மூலம் உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஜான் ஸ்நோ என்ற ஆங்கில வைத்தியர்.

1854-ம் வருஷம் ஆகஸ்டு மாத முடிவில் லண்டன் நகரத்தில் சோஹோ என்ற பகுதியில் காலரா மூண்டது. 10 நாளைக்குள் 500 பேருக்கு மேல் மாண்டனர். துர்நாற்றமுள்ள காற்றே காலராவுக்குக் காரணம் என்பது அக்காலத்து வைத்தியர் பலருடைய கொள்கை. ஸ்நோ அதை ஏற்கவில்லை. இறந்தவர்களுடைய வீடுகளைத் தேடிச் சென்று, அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். பிராடு ஸ்ட்ரீட் என்ற தெருவில் இருந்த கைப்பம்பைச் சுற்றியே மரணங்கள் நெருங்கியிருக்கக் கண்டார். அவருடைய விசாரணையின் பேரில் செப்டம்பர் 8-ந் தேதி அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிற்பாடு, ஒவ்வொரு மரணத்தையும் அது நேர்ந்த வீட்டுக்கு நேரே ஒரு கறுப்புக் கோடாகக் குறித்து அவர் ஒரு படத்தையும் வெளியிட்டார்.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, அந்தப் பம்பின் அருகிலேயே இருந்தும் நோய் காணாத இடங்களையும் ஸ்நோ விசாரித்தார். பக்கத்திலிருந்த பீர் ஆலைத் தொழிலாளிகளில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலைக்குள்ளேயே வேறு கிணறு இருந்தது. அருகிலிருந்த ஏழை விடுதியில் 500 பேருக்கு மேல் வசித்தும் மரணம் மிகச் சொற்பம். அதற்கும் தனிக் கிணறு உண்டு. நோய் வந்த வீடு எவ்வளவு பேசுகிறதோ, வராத வீடும் அவ்வளவு பேசுகிறது. இரண்டாவது, காலராக் கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மானியப் பண்டிதர் கல்கத்தாவில் பிரித்தெடுத்துக் காட்டியது 1884-ம் வருஷத்தில்தான். அஃதாவது, கிருமி இன்னதென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு 30 வருஷத்துக்கு முன்பே, அது எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று வீடு வீடாகச் சென்ற விசாரணை காட்டிவிட்டது. கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும், அடுத்த முறை எங்கே தேடவேண்டும் என்பதை அந்த வேலை கற்றுக் கொடுத்தது.

வரிக்கு எழுந்த படம்

தமிழ்நாட்டுக்குப் படம் புதிதன்று. 1802-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் துவக்கினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அவருடைய அரை டன் எடையுள்ள அளவுக் கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி சிதைந்ததும், அவர் அதைத் தாமே செப்பனிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்ததும் சரித்திரப் பிரசித்தம். அதன் பிறகு நிலவரித் திட்டத்துக்காகக் கிராமங்கள் அளக்கப்பட்டன. இன்று கிராம நிர்வாக அலுவலர் வசமுள்ள கிராமப் படமும், புலப்படமும், அ-பதிவேடும் அவ்வழியில் வந்தவை.

இப்படங்கள் யாவும் நிலத்தைக் காட்டுபவை. எல்லைக் கல்லைக் காட்டுபவை. குடிதண்ணீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தைக் காட்டுவதற்காக அவை எழுந்தவை அல்ல. வரிக்குப் பிறந்த படத்தை உயிருக்கு உதவச் செய்வதே இக்காலத்தார் செய்யவேண்டிய காரியம்.

இக்காலத்துக் கருவி

லாம்டனுக்கு ஆள் பலமும் ஆண்டுக் கணக்கான உழைப்பும் தேவைப்பட்டன. இன்று அங்கத்தினர் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி அவ்வேலையில் ஒரு பங்கை நொடிப்பொழுதில் செய்கிறது. ஜி.பி.எஸ். என்னும் ஏற்பாட்டைச் சேர்ந்த செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, மிக நுட்பமான நேரக் குறிப்பை இடைவிடாது அனுப்புகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் குறிப்பு வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கைப்பேசி தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்கிறது. வெட்டவெளியில் சில மீட்டர் தூரத்துக்குள் பிழையின்றிக் காட்டும். அடர்ந்த தோப்புக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் பிழை கூடும். இந்தியாவும் 2013-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதற்கொண்டு இவ்வகைக்கென்றே செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவி, ‘நாவிக்’ என்ற ஏற்பாட்டை அமைத்தது.

இடத்தை அறிவது பாதி வேலை. அறிந்த இடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது மற்றப் பாதி. இதற்குப் பூகோளத் தகவல் முறை என்று பெயர். மெல்லிய எண்ணெய்க் காகிதங்கள் சிலவற்றை எடுத்து, ஒன்றில் வீடுகளையும், ஒன்றில் குழாய்களையும், ஒன்றில் சாக்கடைகளையும், ஒன்றில் நோய் கண்ட இடங்களையும் ஒரே அளவில் வரைந்து, அவற்றை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் நான்கும் சேர்ந்து தெரியுமல்லவா? கணிப்பொறி செய்வதும் அதுவே; விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்கிறது, அவ்வளவே. கணிப்பொறி இல்லாத கிராமத்தில் எண்ணெய்க் காகிதமே போதும்.

இந்தியாவில் கண்ட பலன்

இம்முறையின் பலனை அறிய வெளிநாட்டுக்குப் போகவேண்டுவதில்லை. நரம்புச்சிலந்தி என்ற நோயைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடும். ஒரு மீட்டர் நீளம் வரை வளரக்கூடிய புழு, பெரும்பாலும் காலில் கொப்புளம் கண்டு வெளிவரும். அந்தக் காலோடு ஒருவர் குளத்திலோ படிக்கிணற்றிலோ இறங்கினால், புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அவற்றை நீரிலுள்ள கண்ணுக்கரிய நீர்ப்பூச்சி விழுங்கும். அந்நீரைக் குடித்தவருக்குச் சுமார் ஒரு வருஷம் கழித்து நோய் வெளிப்படும். இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை.

அப்படியிருந்தும், 1980-களின் முற்பகுதியில் இந்தியா இந்நோயை ஒழிக்கத் தனித் திட்டம் வகுத்தது. நோய் இருந்த 7 மாகாணங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஊழியர்கள் கிராமம் கிராமமாகச் சென்று நோயாளிகளைத் தேடினர். அவர்கள் தண்ணீர் எடுத்த நீர்நிலைகளைக் குறித்தனர். படிக்கிணறுகளை மனிதர் இறங்க முடியாதபடி மாற்றினர். துணியால் வடிகட்டிக் குடிக்கப் பழக்கினர். 1996-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ராஜஸ்தானத்தைச் சேர்ந்த ஜோத்பூர் ஜில்லாவில் கண்ட நோயாளியோடு இந்தியாவில் அந்நோய் முடிவுற்றது. 2000-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்குச் சான்று வழங்கியது. மருந்தில்லாத நோய் ஒன்றை இத்தேசம் வென்றது. அதற்குப் பயன்பட்ட ஆயுதங்களில் முதன்மையானது, எந்த ஊரில் எந்த நீர்நிலை என்ற கணக்கே. உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப் ஸ்தாபனமும் 1993-ல் பொதுச் சுகாதாரத்துக்கென்று படம் வரையும் கூட்டு ஏற்பாட்டைத் தொடங்கியதும், முதன்முதல் இதே நரம்புச்சிலந்தி கண்ட கிராமங்களைக் கணிப்பொறிப் படத்தில் குறிப்பதற்காகத்தான்.

யானைக்கால் நோய் விஷயத்திலும் இவ்வாறே. 1975-ல் தொடங்கிய புதுச்சேரிக் கொசு ஆராய்ச்சி நிலையத்தார், தமிழ்நாட்டின் மேடுபள்ளம், வெப்பம், மழை, காற்றின் ஈரம், மண்ணின் தன்மை ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, இந்நோய் பரவக் கூடிய பகுதிகள் எவை, பரவ இடமில்லாத பகுதிகள் எவை என்று பிரித்துக் காட்டிய ஆராய்ச்சியை 2006-ல் வெளியிட்டனர். எல்லா ஊரிலும் இராக்காலத்தில் ரத்தம் எடுத்துப் பரீட்சிப்பது பெருஞ்செலவு. எங்கே முதலில் பரீட்சிக்கவேண்டும் என்று படம் சொன்னால், செலவும் காலமும் மிச்சமாகும்.

புதுக்கோட்டைச் சீமையின் நிலைமை

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ம் வருஷம் மார்ச் மாதத்தில் இந்திய யூனியனில் இணைந்து திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டது. 1974-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி தனி ஜில்லாவாயிற்று. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இங்கு 16 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் உள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். வற்றாத ஜீவநதி ஒன்றும் இச்சீமையில் இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் மழைக் காலத்து ஆறுகளே. ஆகையால் முன்னோர் கண்மாயையும் ஊருணியையும் வெட்டி வைத்து உயிர் பிழைத்தனர். இன்று ஆழ்குழாய்க் கிணறு, மேல்நிலைத் தொட்டி, காவிரிக் கூட்டுக் குடிநீர், கைப்பம்பு, ஊருணி எனப் பலவகை நீர் ஒரே கிராமத்தில் பயன்படுகிறது. எந்த வீட்டார் எந்த நீரை எந்த மாதத்தில் குடிக்கிறார்கள் என்பது அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரியும். தலைநகரத்து அதிகாரிக்கு அது தெரியாது, செயற்கைக்கோளுக்கும் தெரியாது. ஆகவேதான் கிராமத்தார் கை வைக்காமல் இந்தப் படம் பூர்த்தியாகாது.

இதன் அவசியத்தை இந்த ஜில்லா மிக வருந்தத்தக்க முறையில் அறிந்திருக்கிறது. 2022-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் வசிக்கும் பகுதிக்குத் தண்ணீர் கொடுத்த மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது வெளியாயிற்று. முதலில் தெரிந்தது குழந்தைகளுக்கு வந்த நோயே. குடிதண்ணீரைச் சந்தேகிக்கவேண்டும் என்று வைத்தியர்கள் சொன்ன பின்னரே தொட்டியின்மேல் ஏறிப் பார்த்தார்கள். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. கிராமத்தார் அறியவேண்டிய பாடம் வேறு: ஒரே தொட்டியின் தண்ணீரைக் குடிக்கும் சில வீடுகளில் ஒரே வாரத்தில் நோய் கண்டால், முதல் நாளே அது ஒருவர் கண்ணில் படவேண்டும், முதல் நாளே தொட்டி திறந்து பார்க்கப்படவேண்டும். எந்தத் தொட்டி எந்த வீடுகளுக்கு என்ற படம் சுவரில் இருந்தால் அதற்கு வழியுண்டு.

மற்றொரு பாடமும் உண்டு. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அடித்த கஜா புயலில் இந்த ஜில்லாவின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையேல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிடில் தொட்டி நிறையாது. அக்காலத்தில் எந்தக் கைப்பம்பு வேலை செய்கிறது, எந்தத் திறந்த கிணறு நல்ல நீர் உடையது, பிரசவ நாள் நெருங்கிய பெண்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், எந்தப் பாதையில் மரம் விழுந்தால் எந்தக் குடியிருப்புத் தனித்துப் போகும் என்று முன்கூட்டியே குறித்து வைத்த கிராமத்துக்கு வேலை சுலபம். ஆபத்து வந்த பின் படம் வரைய முடியாது.

படம் வரையும் முறை

சங்கத்தார் செய்யவேண்டியது இதுவே. கிராமத்து அடிப்படைப் படத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து ஒரு பிரதி வரைந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்து மேல்வகுப்புப் பிள்ளைகள் சிலரும், மகளிர் சுய உதவிக் குழுவினர் சிலரும், ஊர் விவரம் அறிந்த பெரியவர் ஒருவரும் சேர்ந்து தெருத் தெருவாக நடக்கவேண்டும். முதல் நாள் வீடுகளும் பாதைகளும். இரண்டாம் நாள் தொட்டி, குழாய், வால்வு, கைப்பம்பு, கிணறு, ஊருணி, சாக்கடை ஆகியவை; ஒவ்வொரு வீட்டுக்கும் எந்த நீர் என்பதையும் கேட்டுக் குறிக்கவேண்டும். குழாய் சாக்கடையைக் கடக்கும் இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி இடுவது நலம். கிணற்றிலிருந்து 50 அடிக்குள் கழிப்பிடக் குழி இருந்தால் அதற்கும் ஒரு குறி வேண்டும்.

மூன்றாம் நாள் கொசுவுக்குரியது. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. வீட்டைச் சுற்றியுள்ள நல்ல தண்ணீரில் பிறப்பது. மூடாத சிமிண்டுத் தொட்டி, ஆட்டுக்கல், தேங்காய்த் தொட்டி, பழைய டயர், ரப்பர் மரத்துக்குப் பால் பிடிக்கும் கிண்ணம் வரை எல்லாம் அதற்கு வீடாகும். முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் 10 நாள் போதும். அது பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போவதில்லை. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே ஒரு வீட்டில் டெங்கு என்று தெரிந்தால், படத்தில் அவ்வீட்டைச் சுற்றி 400 மீட்டர் அளவில் ஒரு வட்டம் போடவேண்டும். அந்த வட்டத்துக்குள் உள்ள தொட்டிகளை வாரம் ஒரு முறை வற்றச் செய்து தேய்த்துக் கழுவவேண்டும். ஏனெனில், நீர் வற்றிய பின்னும் அதன் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் உயிரோடிருக்கும்.

நான்காம் நாள் தூரத்தைக் குறிக்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, பாம்புக்கடிக்கு மருந்துள்ள ஆஸ்பத்திரி, 108 வண்டி உள்ளே வரக்கூடிய பாதை, மழைக் காலத்தில் நீர் ஓடும் தரைப்பாலம் ஆகியவை அதில் சேரும். பாம்பு கடித்தவரை மந்திரிக்க அழைத்துப் போய்க் காலத்தை வீணாக்காமல், எந்தப் பாதையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது முன்னமே தீர்மானமாயிருந்தால் ஓர் உயிர் தப்பும்.

புள்ளியை எண்ணினால் மட்டும் போதாது

படம் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உதாரணமாக, 100 வீடுள்ள ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கிழக்குத் தெருவில் 20 வீடுகள். மேற்குத் தெருவில் 80 வீடுகள். ஒரு மாதத்தில் கிழக்கே 6 வீடுகளிலும் மேற்கே 8 வீடுகளிலும் வயிற்றுப்போக்குக் கண்டது. படத்தில் மேற்கேதான் புள்ளி அதிகம். ஆனால் கிழக்கே 100-க்கு 30 வீடு. மேற்கே 100-க்கு 10 வீடு மாத்திரமே. ஆகையால் கிழக்குத் தெருவுக்கே கஷ்டம் மும்மடங்கு.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். குழாய் வரிசையின் கடைசியிலுள்ள ஒரு பொதுக் குழாயில் கிழக்குத் தெருவில் 15 வீட்டாரும் மேற்குத் தெருவில் 10 வீட்டாரும் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கொள்க. நோய் கண்ட 14 வீடுகளில் 11 வீடுகள் இந்த 25-க்குள் அடங்கியவை. மற்ற 75 வீடுகளில் நோய் கண்டவை 3 மட்டுமே. இப்போது தெருவைப் பற்றிய பேச்சு மறைந்து, குழாயைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. கிழக்குத் தெருவார் சுத்தமற்றவர்கள் என்று மேற்குத் தெருவார் பேசிக்கொண்டிருந்தால், அப்பேச்சும் ஒழிகிறது. கடைக்குழாயில் குளோரின் மிஞ்சியிருக்கிறதா, குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பரீட்சிக்கவும், வழியில் குழாய் ஒழுகும் இடத்தைத் தோண்டிப் பார்க்கவும் இவ்விவரம் போதிய காரணமாகும். படம் குற்றத்தை ருசுப்படுத்துவதில்லை. தேடவேண்டிய இடத்தைக் காட்டுகிறது. ருசுப்படுத்துவது நீர்ப் பரீட்சையும் வைத்தியர் அபிப்பிராயமுமே.

எச்சரிக்கை

இப்படத்தால் நன்மை வருவது போலவே, கவனக் குறைவால் தீமையும் வரக்கூடும். ஆகவே சில விதிகளைச் சங்கத்தார் தீர்மானமாகவே நிறைவேற்றிக்கொள்வது உசிதம்.

முதலாவது, சுவரில் மாட்டும் படத்தில் நோயாளியின் பெயரும் வீட்டு எண்ணும் இருத்தல் ஆகாது. தெருவுக்கு இத்தனை என்ற தொகை மட்டும் போதும். காசநோய், குஷ்டம், எச்.ஐ.வி. போன்றவற்றைக் கிராமத்தார் படத்தில் குறிக்கவே வேண்டாம். அவை சுகாதார இலாகாவின் ரகசியக் காப்பில் இருக்கவேண்டியவை. நோயைக் காட்டப்போய் ஒரு குடும்பத்தின் விவாகப் பேச்சையோ, ஒருவருடைய பிழைப்பையோ கெடுத்தால், அடுத்த முறை எவரும் உண்மை சொல்லமாட்டார்கள். உண்மை இல்லாத படம் வெறுங் காகிதம்.

இரண்டாவது, கடன் கணக்கும் நோய்க் கணக்கும் ஒருபோதும் ஒரே மேஜையில் சேரக்கூடாது. நோயாளி வீடு என்று தெரிந்து கடன் மனுவைத் தள்ளுவதற்கு இப்படம் உதவுமானால், அதைவிடக் கூட்டுறவுக்கு மாறான காரியம் வேறில்லை.

மூன்றாவது, படத்தில் விடுபட்ட குடியிருப்பு எது என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும். ஊருக்கு வெளியே உள்ள காலனி, கண்மாய்க் கரையிலுள்ள குடிசை, செங்கற்சூளைக்கு வந்து தங்கிய வெளியூர்க் குடும்பம், கடற்கரையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து மீனவர் குப்பம் ஆகியவற்றில் படம் வரைபவர் கால் வைக்கவில்லையேல், அங்கே நோயே இல்லை என்று படம் பொய் சொல்லும். வெற்றிடமாகத் தெரியும் இடம் சுகமான இடம் என்று பொருளல்ல. எவரும் போய்க் கேட்காத இடமாகவும் அது இருக்கலாம்.

நான்காவது, பழைய படம் வழி தவறச் செய்யும். வருஷத்துக்கு இரு முறை, அஃதாவது ஐப்பசி மழைக்கு முன்னும் கோடைக்கு முன்னும், அதைத் திருத்தவேண்டும்.

சர்க்காரும் சங்கமும்

சர்க்கார் தரப்பிலும் இவ்வேலை நடந்து வருகிறது. நோய்க் கண்காணிப்புக்கான தேசிய இணையத் தளம் 2018-ல் சில மாகாணங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதற்கும் விரிவாயிற்று. நோய் கண்ட இடத்தைப் படத்தில் காட்டும் வசதி அதில் உண்டு. தமிழ்நாட்டில் 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து போகிறது. எனினும் மேலிருந்து வரும் படம் ஜில்லாவையும் ஒன்றியத்தையும் நன்கு காட்டும். கடைக்குழாயை அவ்வளவு நன்றாகக் காட்டாது. மேலிருந்து வரும் படமும் கீழிருந்து எழும் படமும் சந்திக்குமிடத்தில்தான் காரியம் கைகூடும். ஆகவே சங்கத்தார் தயாரித்த படத்தின் ஒரு பிரதியைக் கிராம சுகாதார செவிலியரிடமும், ஒரு பிரதியைச் சுகாதார ஆய்வாளரிடமும், ஒரு பிரதியை ஊராட்சி மன்றத்திலும் கொடுக்கவேண்டும். அவர்கள் திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ளவேண்டும். குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் படத்தை விரித்து வைத்து, சிவப்புப் புள்ளிகளில் எத்தனை நீங்கின, எத்தனை நிற்கின்றன என்று கேட்கவேண்டும். கேள்வி கேட்கப்படாத புள்ளி வருஷக் கணக்கில் அங்கேயே நிற்கும்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு என்ன? வரைதாள், மை, எண்ணெய்க் காகிதம், நான்கு நாள் நடை, அவ்வளவே. ஓர் ஊரில் ஒரு மழைக் காலத்து வாந்திபேதிக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவில் இது மிகச் சிறு பகுதி. 1904-ம் வருஷத்தில் திரூரில் சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்டபோது, ஏழைக் குடியானவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று கடன் அடைப்பார்களா என்று சந்தேகித்தவர் பலர். ஒருவர் பொறுப்பு எல்லோர் பொறுப்பு என்ற கொள்கையே அச்சந்தேகத்தை நீக்கியது. தண்ணீர் விஷயத்திலும் அக்கொள்கையே செல்லும். ஒரே தொட்டியில் குடிக்கிறவர்கள், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒருவருக்கொருவர் ஜாமீன்தாரர்களே.

ஆகையால், அடுத்த நிர்வாகக் கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்கள் கேட்கவேண்டும். கூட்டம் முடிவதற்குள், எந்த நாள் நடக்கத் தொடங்குவது, யார் யார் வருவது, படம் யார் வசம் இருப்பது என்ற மூன்றையும் மினிட் புஸ்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முதல் நாள் நடை, ஊரின் கடைசிக் குடியிருப்பிலிருந்து தொடங்கட்டும்.